காஸ் லேக்கின் மரத் தடிகளால் கட்டிய அலுவலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சிப்பவா தேசிய வனத்தின் தலைமை அலுவலகமாகக் கட்டப்பட்ட மூன்று மாடி மரக் கட்டடத்தைப் பற்றியது இந்தப் பக்கம். மரவேலை, பழைய கட்டடங்கள், காடுகளின் வரலாறு என்று இவற்றில் எதில் ஆர்வம் இருந்தாலும் இந்தக் கட்டடம் உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதன் சுவர்களை மட்டும் பார்த்துவிட்டு அது நிற்கும் நிலத்தின் கதையை விட்டுவிட்டால் பாதிதான் பார்த்ததாகும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

இந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது? எப்போது கட்டினார்கள்?

மினசோட்டாவின் வடக்கே காஸ் லேக் என்ற சிற்றூரில் இருக்கிறது. பக்கத்தில் அதே பெயரில் ஒரு பெரிய ஏரி. இட்டாஸ்கா ஏரியில் சிற்றோடையாகப் பிறக்கும் மிசிசிப்பி ஆறு இந்த ஏரிக்குள் நுழைந்துதான் மேற்கொண்டு ஓடுகிறது. 1935-36இல் கட்டினார்கள். சுமார் 8,500 சதுர அடி, மூன்று தளங்கள், சுவர் முழுக்க அந்தப் பகுதியிலேயே வளர்ந்த சிவப்பு பைன் மரத்தின் உருண்டைத் தடிகள். அமெரிக்க வனத்துறை கட்டிய மிகப் பெரிய மரத் தடிக் கட்டடங்களில் இது ஒன்று. 1976இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

இதை ரஸ்டிக் (நாட்டுப்புற) பாணிக் கட்டடம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

கட்டடம் அது நிற்கும் இடத்திலிருந்தே எழுந்ததுபோல் தெரிய வேண்டும். அதுதான் இந்தப் பாணியின் அடிப்படை. பக்கத்துக் காட்டு மரம், பக்கத்து வயலிலோ ஆற்றிலோ கிடந்த கல், உளியும் வாய்ச்சியும் பட்ட தடம் தெரியும் வேலை, தாழ்ந்து அகன்ற கூரை, சுற்றியுள்ள மரங்களோடு ஒத்துப்போகும் கபிலமும் பச்சையுமான நிறங்கள். தடிகளும் கற்களும் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். உயர்ந்த மரங்களுக்கு நடுவே மெல்லிய தூண் வைத்தால் அது சின்னதாகிப் போகும் என்பதால் அந்த அளவு.

நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலைகளில் பணக்காரர்கள் கட்டிய கோடை விடுதிகளிலும், 1904இல் எல்லோஸ்டோன் பூங்காவில் திறந்த ஓல்டு ஃபெய்த்ஃபுல் விடுதியிலும் இந்த ரசனை வளர்ந்தது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1930களில் தேசியப் பூங்காத் துறை, வனத்துறை, மாநிலப் பூங்காக்கள் என்று எல்லோரும் இப்படியே கட்டினார்கள்.

பொருளாதாரமே படுத்துக் கிடந்த காலத்தில் இவ்வளவு பெரிய அலுவலகம் எதற்கு?

படுத்துக் கிடந்ததால்தான் கட்ட முடிந்தது. இப்படி ஒரு கட்டடத்தில் மரத்தின் விலையைவிடக் கூலிதான் பெரிய செலவு. ஒவ்வொரு தடியையும் கையால் அளந்து, கீறி, செதுக்கி, தூக்கிப் பார்த்து, மறுபடி இறக்கிச் செதுக்க வேண்டும். சாதாரண காலத்தில் எந்த அரசு அலுவலகத்துக்கும் இந்தச் செலவுக்கு அனுமதி கிடைத்திருக்காது. வனத்துறையின் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு கட்டடத்துக்குச் சில நூறு டாலருக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க காங்கிரஸ் கடிவாளம் போட்டிருந்தது.

1933இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபரானதும் நிலைமை தலைகீழானது. வேலையில்லாத லட்சக்கணக்கானோருக்கு வேலை கொடுப்பதே நோக்கம் என்று ஆனபோது, ஆட்கள் அதிகம் தேவைப்படும் கட்டட முறை குறை என்ற நிலை மாறி நிறையாகிவிட்டது. சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற இளைஞர் பணிப்படை, 1935இல் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ என்ற பொதுப்பணித் திட்டம், இரண்டும் சேர்ந்து கொடுத்த உழைப்பில் எழுந்தது இந்த அலுவலகம்.

கட்டியவர்கள் யார்? அவர்களுக்கு மரவேலை தெரியுமா?

பெரும்பாலோருக்குத் தெரியாது. இளைஞர் படையில் சேர்ந்தவர்கள் ஆரம்பத்தில் 18 முதல் 25 வயது வரையிலான, திருமணமாகாத, வேலையில்லாத ஆண்கள். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் பொதுவாக 25 டாலர் நேரே வீட்டுக்குப் போய்விடும், கையில் 5 டாலர். சாப்பாடு, உடை, படுக்கை முகாமில் இலவசம். 1933 முதல் 1942 வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் இந்தப் படையில் இருந்தார்கள். நட்ட மரங்கள் 300 கோடி அளவுக்கு இருக்கும்.

அந்தப் பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க உள்ளூர் அனுபவசாலிகள் என்ற பெயரில் அந்தந்த வட்டாரத்துத் தச்சர்களையும் கல்வேலைக்காரர்களையும் மரம் வெட்டுகிறவர்களையும் கூடவே சேர்த்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் மிக நல்ல முடிவு இதுதான். வடக்கு மினசோட்டாவில் பின்லாந்திலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் நிறைய. தடி அடுக்கி வீடு கட்டுவது அவர்களுக்குப் பரம்பரைக் கைவேலை. அந்த அறிவு ஒரு அரசாங்க அலுவலகத்தின் சுவராக மாறி நிலைத்துவிட்டது.

அந்தப் படையின் குறையையும் சொல்ல வேண்டும். கறுப்பின இளைஞர்களுக்குத் தனி முகாம்கள் வைத்துப் பிரித்தார்கள். பூர்வகுடிகளுக்கும் தனிப் பிரிவு. பெண்களுக்கு அதில் இடமே இல்லை.

தடிகளை அடுக்கியது பின்னிஷ் (பின்லாந்து) முறை என்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

இந்தக் கட்டடத்தில் நின்று பார்க்க வேண்டியதே அதுதான்.

தடி அடுக்கிக் கட்டும் வீடுகளில் பொதுவாக இரண்டு தடிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். மரம் ஒரே அளவு உருண்டையாக இருக்காது, ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்திருக்கும், முடிச்சு துருத்திக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் களிமண்ணோ சுண்ணாம்புக் கலவையோ வைத்து அடைப்பார்கள். படங்களில் பார்க்கும் அமெரிக்க மர வீடுகளில் தடிகளுக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் தெரிவது அதனால்தான். அடைப்பு காய்ந்து விரிந்து உதிரும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

பின்னிஷ் முறையில் அந்த அடைப்பு கிடையாது. மேல் தடியைக் கீழ்த் தடியின் மேல் தற்காலிகமாக வைத்து, கவராயம் போன்ற இரண்டு முனைக் கருவியால் கீழ்த் தடியின் மேடு பள்ளத்தை அப்படியே மேல் தடியின் அடிப்பக்கத்தில் கீறி எடுக்கிறார்கள். கருவியின் ஒரு முனை கீழ்த் தடியின் மேல் நகரும், மறுமுனை மேல் தடியில் கோடு போடும். பிறகு தடியைத் திருப்பிப் போட்டு, அந்தக் கோடு வரைக்கும் நீளவாக்கில் காடி எடுக்கிறார்கள். காடிக்குள் பாசியோ சணல் நாரோ வைத்து மறுபடி உட்கார வைத்தால், கீழ்த் தடியின் முதுகில் மேல் தடி பிசிறில்லாமல் கவிந்துகொள்ளும். மழைத் தண்ணீர் வழிந்து கீழே போகுமே தவிர உள்ளே நிற்காது. ஏனென்றால் காடி கீழ்நோக்கித் திறந்திருக்கிறது.

மூலைகளிலும் இதே கணக்குதான். கீழே போகும் தடியின் வளைவுக்குத் தகுந்தபடி மேல் தடியில் பிறை வடிவ வெட்டு. மேல் தடியின் எடையே மூலையை இறுக்கிப் பிடிக்கும்.

ஒரு தடிக்கு எடுத்த கீறல் அடுத்த தடிக்கு உதவாது. சுவரில் இருக்கும் ஒவ்வொரு தடியும் அதன் கீழே இருப்பதற்காக மட்டுமே செதுக்கப்பட்டது. மூன்று மாடிக்கு இப்படி எத்தனை முறை தூக்கி இறக்கியிருப்பார்கள் என்று யோசித்தால் அந்தப் பையன்கள் மேல் தனி மரியாதை வருகிறது.

மரம் காய்ந்து சுருங்கினால் ஜன்னல் என்ன ஆகும்?

நல்ல கேள்வி. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது. குறுக்குவாக்கில் நன்றாகவே சுருங்கும். தடிகள் படுக்கையாக அடுக்கப்பட்டிருப்பதால், முதல் சில ஆண்டுகளில் சுவர் முழுவதும் கீழே இறங்கும். ஒரு மாடிக்குச் சில அங்குலம் வரை போகலாம்.

அதனால் தடி வீட்டில் ஜன்னல், கதவுச் சட்டங்களைச் சுவரோடு இறுக்கி ஆணி அடிப்பதில்லை. பக்கங்களில் சட்டம் வழுக்கி நகரக் காடி விடுவார்கள். மேலே இடைவெளி விட்டு, அதை ஒரு பலகையால் மறைத்துவிடுவார்கள். சுவர் இறங்க இறங்க அந்த இடைவெளி மூடிக்கொள்ளும். இடைவெளி விடாத வீட்டில் கண்ணாடி உடையும், கதவு திறக்காது. செங்குத்தாக நிற்கும் மரத் தூணுக்கும் இதே சிக்கல்: அது சுருங்காது, சுவர் இறங்கும். கல்லால் கட்டிய புகைபோக்கி அசையவே அசையாது. அது கூரையைத் தாண்டிப் போகும் இடத்தில்தான் தச்சனுக்கும் கல்வேலைக்காரனுக்கும் ஒத்துப்போக வேண்டியிருக்கும்.

அந்தப் பெரிய கணப்பு அடுப்பைப் பற்றிச் சொல்லுங்கள்.

கட்டடத்தின் நடுவே சுமார் 50 அடி உயரத்துக்கு எழும் கல் அடுப்பு அது. வட்டாரத்தில் கிடைத்த பனியாற்றுப் பாறைகளைக் கொண்டு கட்டியது. பனியுகத்தில் வடக்கே கனடாப் பக்கமிருந்து நகர்ந்து வந்த பனிப்படலம், வழியில் பெயர்த்த கற்களை மினசோட்டா முழுக்கப் பரப்பிவிட்டுப் போனது. அந்த ஊர் விவசாயிகளுக்கு அவை வயலில் ஏர் முனையை உடைக்கும் தொல்லை. கட்டடக் கலைஞனுக்கு இலவசச் சரக்கு.

உள்ளே நுழைந்தவுடன் கண் முதலில் அங்கேதான் போகும். சுற்றிலும் பொன்னிறத்தில் பைன் தடிகள், நடுவில் பல நிறக் கல். ரஸ்டிக் பாணியில் கணப்பு அடுப்பை வெறும் சூட்டுக்காக வைப்பதில்லை. பொதுமக்கள் வந்து கூடும் இடத்தின் மையமாக வைப்பார்கள்.

காட்டைக் காப்பாற்ற வேண்டிய துறை காட்டு மரத்தை வெட்டியே அலுவலகம் கட்டியது சரியா?

அந்தத் துறையின் தொடக்ககாலக் கொள்கையே அதுதான். மரத்தை வெட்டாமல் மூடி வைப்பது அவர்கள் நோக்கம் இல்லை. கணக்குப் பார்த்து வெட்டி, மறுபடி வளர்த்து, காடு தீராமல் பார்த்துக்கொள்வது. 1905 பிப்ரவரியில் வனக் காப்பகங்கள் உள்துறையிடமிருந்து வேளாண்துறைக்கு மாறியபோது, வனத்துறையின் முதல் தலைவராக இருந்தவர் கிஃபர்ட் பின்ஷோ. காட்டைப் பயன்படுத்தியே காக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இங்கே நமக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பின்ஷோ ஐரோப்பாவில் வனவியல் படித்தபோது அவருக்கு வழிகாட்டியவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். 1864இல் பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் வனத் தலைமை ஆய்வாளரானவர். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தை ஒட்டி சென்னை மாகாணக் காடுகளைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியவரும் அவரே. இந்தியாவில் அரசு வனத்துறையை எழுப்பிய மனிதரின் யோசனைகள் பின்ஷோ வழியாக அமெரிக்கக் காடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. காட்டில் வாழ்ந்தவர்களின் உரிமையைச் சுருக்கியது என்ற குற்றச்சாட்டும் இரண்டு நாட்டுத் துறைகள் மேலும் உண்டு.

அப்படியானால் இந்த நிலம் யாருடையது?

இதைக் கேட்காமல் இந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது என் கருத்து.

சிப்பவா வனத்தின் கணிசமான பகுதி, ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களுக்கென ஒதுக்கிய லீச் லேக் நிலப்பகுதியின் எல்லைக்குள்ளேயே வருகிறது. சிப்பவா என்பதே அந்த மக்களுக்கு வழங்கும் இன்னொரு பெயர். அந்த ஒதுக்கீட்டு நிலம் 1855ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் உருவானது. 1889இல் வந்த நெல்சன் சட்டம், பொதுவில் இருந்த நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, மீதியை வெளியாருக்குத் திறந்துவிட்டது. கீழே விழுந்த, பட்டுப்போன மரத்தை மட்டும் எடுக்கலாம் என்ற அனுமதியை வைத்துக்கொண்டு மர நிறுவனங்கள் பச்சை மரத்தையும் வெட்டின. மரத்தைப் பட்டுப்போகச் செய்ய வேண்டுமென்றே தீ வைத்ததும் நடந்தது. இந்த ஆத்திரமும் சேர்ந்துதான் 1898 அக்டோபரில் லீச் ஏரிக் கரையில் சுகர் பாயிண்ட் என்ற இடத்தில் ஒஜிப்வே மக்களுக்கும் அமெரிக்கப் படைக்கும் சண்டை மூண்டது.

1902இல் மாரிஸ் சட்டம் இந்தப் பகுதியில் ஒரு வனக் காப்பகத்தை ஏற்படுத்தியது. மினசோட்டாவின் பெண்கள் சங்கங்கள் பைன் காட்டைக் காப்பாற்றப் பல ஆண்டு குரல் கொடுத்ததன் பலன் அது. அவர்கள் உழைப்பு பெரியது, இன்று அங்கே முதிர்ந்த பைன் மரங்கள் நிற்பதற்கு அவர்களும் காரணம். ஆனால் காப்பாற்றியது ஒஜிப்வே மக்களின் நிலத்தின் மேல் நடந்தது. 1908இல் அது மினசோட்டா தேசிய வனம் ஆனது. 1928இல் சிப்பவா என்று பெயர் மாற்றினார்கள். பெயர் திரும்பக் கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை.

நிலத்தில் ஒரு சிறு பகுதி திரும்ப வந்தது 2020 டிசம்பரில்தான். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முறையில்லாமல் மாற்றப்பட்ட சுமார் 11,760 ஏக்கரை வனத்திலிருந்து லீச் லேக் ஒஜிப்வே மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் அப்போது கையெழுத்தானது. அவர்களின் பழங்குடி அரசின் தலைமையிடமும் இதே காஸ் லேக் ஊர்தான். இரண்டு அலுவலகங்களும் ஒரே சிற்றூரில் இருக்கின்றன.

அமெரிக்காவின் முதல் வன அலுவலகம் இதுதானா?

இல்லை, இதற்கு முன்னோடிகள் உண்டு. மொன்டானாவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் இருக்கும் ஆல்டா குடில் 1899இல் கட்டியது. இரண்டு வனக் காவலர்கள் சொந்தக் காசில் கட்டிய ஒற்றை அறை. அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 அன்று அங்கே கொடியேற்றினார்கள். பிறகு அது யாரோ ஒருவருடைய சுரங்க உரிமை நிலத்தில் நிற்கிறது என்று தெரியவர, கைவிட வேண்டியதாயிற்று.

அரசாங்கப் பணத்தில் கட்டிய முதல் அலுவலகம் என்ற பெயர் வயோமிங்கில் உள்ள வாபிட்டி நிலையத்துக்கு. 1903, ஷஷோனி வனம். அது தேசிய வரலாற்றுச் சின்னம். 1905இல் வனத்துறை ஊழியர்களுக்குக் கொடுத்த சட்டைப்பைக் கையேட்டிலேயே, குடியிருப்புகளைப் பொதுவாக மரத் தடிகளால் கட்டுங்கள், மர ஓடு வேயுங்கள், காவலரின் குடும்பம் வசதியாக இருக்கும் அளவுக்குக் கட்டுங்கள் என்று இருந்தது. ஒரு அறைக் குடிலிலிருந்து மூன்று மாடி வரை வர 36 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

வனத்துறை கட்டடங்கள் எல்லாமே இப்படித்தான் இருக்குமா?

இல்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். நியூ மெக்சிகோவில் சுடாத பச்சைச் செங்கல்லும் தட்டைக் கூரையும். ஒரிகன், வாஷிங்டன் பக்கம் எரிமலைக் கல் அடித்தளம், செங்குத்தான கூரை, ஜன்னல் கதவில் ஊசியிலை மர வடிவில் வெட்டிய துளை. அந்த மர வடிவத்தைப் பார்த்தாலே 1930களின் வனத்துறைக் கட்டடம் என்று சொல்லிவிடலாம்.

மினசோட்டாக் குளிரை மரச் சுவர் தாங்குமா?

அங்கே குளிர்காலத்தில் பாதரசம் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது உண்டு. மரம் நவீன வெப்பக் காப்புப் பொருள் அளவுக்குக் குளிரைத் தடுக்காது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தடித்த மரச் சுவர் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். காற்று புகாமல் இருப்பதுதான் முக்கியம், அதற்குத்தான் அந்தக் காடியும் பாசியும்.

இவ்வளவு பழைய மரக் கட்டடத்தை எப்படிப் பராமரிப்பது?

மரத்துக்கு எதிரி வயது இல்லை, ஈரம். ஈரம் தங்காத மரம் நூற்றாண்டுகள் நிற்கும். அதனால் கூரைதான் முதல் காவல். அகன்ற இறவானம் மழையைச் சுவரிலிருந்து தள்ளி விழவைக்கிறது. அடுத்து அடிவரிசைத் தடி. மண்ணில் படக் கூடாது, பனி குவிந்து கிடக்கக் கூடாது.

முதலில் உளுத்துப்போவது பெரும்பாலும் மூலைகளில் வெளியே நீண்டிருக்கும் தடி முனைகள். மரம் தண்ணீரை நீளவாக்கில்தான் உறிஞ்சும், வெட்டு முகம் வானத்துக்குத் திறந்திருந்தால் ஸ்பாஞ்ச்போல் இழுத்துக்கொள்ளும். கெட்ட பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அதே இன மரத்தில், அதே பருமனில், அதே கருவித் தடத்தோடு ஒட்டுப் போடுவதுதான் முறையான பழுதுபார்ப்பு. பளபளக்கும் பிளாஸ்டிக் பூச்சு அடித்து மூடினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியின்றி மரம் உள்ளிருந்தே மட்கும்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று: ஆள் புழக்கம். பக்கத்திலேயே, பிளாக்டக் ஊர் அருகே, ரபிடோ என்ற இளைஞர் படை முகாம் இருக்கிறது. 1935இல் தற்காலிகத் தேவைக்காகக் கட்டிய பலகைக் கட்டடங்கள். முகாம் மூடியபின் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்கள் சில பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள், பிறகு ஆளில்லாமல் போனபோது சிதைவு வேகமானது. 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தும் அவற்றை மீட்பது பெரும்பாடாக இருந்தது. காஸ் லேக் அலுவலகத்தில் கூரை ஒழுகினால் அன்றைக்கே ஒருவர் மேசைமேல் சொட்டும். கட்டடத்தைக் காட்சிப்பொருளாக மாற்றாமல் பல பத்தாண்டுகள் வேலை செய்யும் அலுவலகமாகவே வைத்திருந்தது அதற்கு நல்ல பாதுகாப்பு.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா? கூட வேறு என்ன பார்க்கலாம்?

மினியாபொலிஸிலிருந்து வடக்கே காரில் சுமார் நான்கு மணி நேரம். பெமிட்ஜி நகரிலிருந்து கிழக்கே நெடுஞ்சாலை 2இல் கொஞ்ச தூரம்தான். இது அரசு அலுவலகம் என்பதால் வார இறுதியை நம்பிப் போகாதீர்கள், கிளம்பும் முன் உள்ளே விடும் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. போனால் அவசரப்படாமல் ஒரு மூலையில் நின்று, இரண்டு தடிகள் சேரும் கோட்டைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள்.

அப்புறம், இந்தக் கட்டடத்தின் தடிகள் எப்படிப்பட்ட காட்டிலிருந்து வந்திருக்கும் என்று பார்க்க விரும்பினால், வனத்தின் வடக்குப் பகுதியில் லாஸ்ட் ஃபார்ட்டி என்ற இடத்துக்குப் போங்கள். 1882இல் அளந்தவர்கள் அந்த 144 ஏக்கரைத் தவறுதலாக ஏரியின் பகுதி என்று வரைபடத்தில் குறித்துவிட்டார்கள். தண்ணீர் என்று நினைத்ததால் மரம் வெட்டும் நிறுவனங்கள் அந்தப் பக்கம் வரவில்லை. 300 வயதைத் தாண்டிய சிவப்பு பைன்களும் வெள்ளைப் பைன்களும் அங்கே இன்னும் நிற்கின்றன. நடைபாதை எளிது, குழந்தைகளும் நடக்கலாம். கோடையில் கொசு அதிகம், முழுக்கைச் சட்டை எடுத்துச் செல்லுங்கள்.